எடை இறங்கிய பிறகு

அத்தியாயம் 17

போன வாரம் வெற்றிச்செல்வன் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்து உருண்டதே, நினைவிருக்கிறதா? "கை வழுக்கிடுச்சு" என்று அவன் சொன்னதைத் தம்பி பரத் நம்பினான். தரையைத் துடைத்த ஜெயப்ரியா நம்பவில்லை. நம்புவதற்கு அவள் என்ன நேற்றா கல்யாணமாகி வந்தாள்? போதாததற்கு அவள் நர்ஸ். மறுநாளே புருஷனைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்துவிட்டாள்.

கழுத்து எலும்புக்கு நடுவில் ஒரு நரம்பு நசுங்குகிறது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் விரல்கள் மரத்துப் போகின்றன, மற்ற நேரத்திலும் பிடியில் வலுவில்லை. ஆபரேஷன் செய்துவிடலாம், ஆனால் கை பழையபடி வருமா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கார் மெக்கானிக்கிடம் இதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து வெற்றி அவளிடம் சத்தியம் வாங்கினான். பரத்துக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் அவன் புனேக்குப் போக மாட்டான்.

புனேயில் ஒரு ரேஸ் டீம் பரத்தை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணன் ஷெட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவனுக்கு இது நல்ல வாய்ப்பு. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "போ, போ" என்று அண்ணன் ஒரு வாரமாக விரட்டுகிறான். எதற்கு இப்படி விரட்டுகிறான் என்று புரியாமல் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்த லட்சணத்தில்தான் அன்று பொழுது விடிந்தது.

*

திண்டிவனத்தில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்த ஜெயப்ரியா, வீட்டுக்குப் போகாமல் நேரே ஷெட்டில் இறங்கினாள். மரக்காணம் தாண்டி, அனுமந்தைக்கு முன்னால், ஈ.சி.ஆர். ஓரத்தில் இருக்கிறது ஷெட். பின்பக்கம் முழுக்க உப்பளம். பாத்திகளில் வாரிக் குவித்த உப்பு அந்த நேரத்திலேயே கண்ணைக் கூச வைத்தது. இரவெல்லாம் விழித்த கண்ணுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் புருஷனைப் பார்த்தாள். அவன் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டின் நடுவில் ஸ்டாண்டுகள் மேல் நின்றது சிவப்பிரகாசம் சாரின் கார். இரண்டே சீட். சிவப்பு. அந்தக் காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் சார் வாலிபத்தில் வாங்கியது. முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் கழற்றித் தரையில் கிடந்தன. அவற்றின் முனையில் இருந்த புஷ்கள் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தன.

புஷ் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. சக்கரத்தின் கையும் காரின் உடம்பும் சேரும் இடத்தில், இரும்போடு இரும்பு மோதாமல் நடுவில் வைக்கிற வளையம். ரோட்டின் குலுக்கல் எல்லாவற்றையும் அதுதான் முதலில் வாங்குகிறது. கல்யாணமான புதிதில் வெற்றி இதை மனைவிக்கு விளக்கிவிட்டு, "எங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவுல நீ இருக்கிற மாதிரி" என்று சேர்த்துக்கொண்டான். ஜெயப்ரியா அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அதன் பிறகு அவன் அந்த உதாரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

மேஜையில் இரண்டு செட் புதுப் புஷ்கள் இருந்தன. ஒன்று கறுப்பு ரப்பர். இன்னொன்று மஞ்சள் நிறத்தில், பி.யூ. என்று கடைக்காரர்கள் சொல்லும் பாலியூரித்தேன். எதைப் போடுவது என்று தெரியாமல் சார் இரண்டையும் வரவழைத்துவிட்டார். இன்று காலை வந்து முடிவு செய்வதாகப் பேச்சு.

பரத் கறுப்புச் செட்டை ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தான். அண்ணன் எதைச் சொல்வான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டு அது. பி.யூ. புஷ் தன் நடுவில் உள்ள இரும்புக் குழலின் மேல் உரசிச் சுழலும், அந்த இடத்துக்குக் கிரீஸ் வேண்டும், நம்ம ஊர் உப்புக் காற்றிலும் மணலிலும் அந்தக் கிரீஸ் அரைத்த மாவாகிவிடும், பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் கட்டில் போல் கீச்சிடும். ரேஸ் வண்டிக்குச் சரி, வீட்டு வண்டிக்கு ரப்பர்தான். இதை அண்ணன் எத்தனை பேரிடம் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறான்!

*

சிவப்பிரகாசம் சார் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இடையஞ்சாவடியில் வீடு. ராத்திரியெல்லாம் போனில் கார்க்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுக் காலையில் குழப்பத்தோடு வருகிற நல்ல மனிதர். அன்று மனைவி கமலாம்பாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார். டிரைவர் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சார் ஆரம்பித்தார். அமெரிக்காவில் ஒருவர் பி.யூ. போட்டால் ஸ்டியரிங் கத்தி மாதிரி இருக்கும் என்கிறாராம். இங்கிலாந்தில் ஒருவர் ரப்பரைத் தவிர எதையும் தொடாதே என்கிறாராம். மூன்றாவது ஒருவர் நைலான் உருளையை லேத்தில் கடைந்து போட்டுக்கொண்டாராம்.

"நைலான் வேணாம் சார். ரோட்டுல கிடக்கிற கல்லு ஒண்ணொண்ணும் முதுகுல எண்ணிக்கலாம்" என்றான் வெற்றி.

"சரி. இந்த ரெண்டுல எது? நீ சொல்றதுதான்."

வெற்றி மேஜையைப் பார்த்தான். பிறகு தம்பியைப் பார்க்காமல் சொன்னான்.

"பி.யூ. போட்டுடலாம் சார்."

பரத் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அண்ணன் விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். வெற்றியோ, பி.யூ. நாள்பட உழைக்கும், எண்ணெய் பட்டால் ஊறாது, மாட்டுவதும் சுலபம் என்று அடுக்கிக்கொண்டு போனான். எல்லாம் உண்மைதான். உண்மையை ஒப்பிப்பது போல் இருந்ததுதான் பரத்துக்கு உறுத்தியது. உப்புக் காற்று என்ன ஆயிற்று, கீச்சுச் சத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டான். அதெல்லாம் பழைய கதை, இப்போது வருகிற சரக்கு வேறு என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்தான்.

பெஞ்சில் இருந்த ஜெயப்ரியாவுக்கு அரைத் தூக்கத்திலும் அது காதில் விழுந்தது. விழுந்த உடனே புரிந்தது. அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக ஷெட்டுக்குச் சோறு கொண்டுவருகிறாள்.

ரப்பர் புஷ்ஷில் ஒரு சங்கடம் உண்டு. அதன் நட்டுகளை, வண்டி தன் எடையோடு நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியைக் கீழே இறக்கினால் காலமெல்லாம் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். ஆகவே வண்டியை இறக்கிவிட்டு, அதன் அடியில் படுத்து, கையை மேலே தூக்கி இறுக்குவார்கள். பி.யூ.வுக்கு அந்தக் கவலை கிடையாது. அது சுழன்றுகொள்ளும். தொங்கும்போதே, ஸ்டூலில் உட்கார்ந்தபடி இறுக்கிவிடலாம்.

மற்ற ஊர்களில் என்றால் தரையில் பள்ளம் வெட்டி, அதில் நின்றுகொண்டு வேலை பார்ப்பார்கள். இந்த ஷெட்டிலும் பள்ளம் உண்டு. ஐப்பசி மழையில் உள்ளே ஊறின உப்புத் தண்ணீர் சித்திரை வரை வடியாது. பலகை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

படுத்துத்தான் ஆக வேண்டும். படுத்தால் கையைத் தூக்க வேண்டும். அதனால்தான் பி.யூ.

இதுவரை பேசாமல் இருந்த கமலாம்பாள் வாயைத் திறந்தார்.

"ஏம்பா வெற்றி, எனக்கு ஒண்ணு சொல்லு. போன வருஷம் கிளியனூர்ல என் தங்கச்சி விருத்தாம்பா வீட்டுலதான் வழுக்கி விழுந்தேன். சொந்தக்காரன் அத்தனை பேரும் பார்க்க ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. இந்த வெள்ளிக்கிழமை அவ பேத்திக்குக் காதுகுத்து. அதே வாசல்ல இந்த வண்டியில போய் இறங்கணும். ரெண்டுல எதைப் போட்டா என் இடுப்பு தாங்கும்?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டியரிங்கும் கத்தியும் அவர் நினைவிலிருந்து போய்விட்டன.

வெற்றி அந்த அம்மாளின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல அவன் வாய் திறந்ததை ஜெயப்ரியா பார்த்தாள். அந்தப் பொய் வரவில்லை.

"ரப்பர்தான்மா தாங்கும்" என்றான். "ரப்பரே போட்டுடறேன்."

*

கிளியனூர் ரோட்டில் இருக்கும் லேத்துக்குப் போய் இரும்புக் கைகளில் புஷ்களை அழுத்தி ஏற்றிக்கொண்டு வந்தான் பரத். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அவற்றையும் சக்கரங்களையும் காரில் மாட்டினார்கள். போல்ட்டுகளைச் செருகி, நட்டுகளை விரலால் மட்டும் திருகி விட்டார்கள். பரத்துக்குள் காலை நடந்தது வெந்துகொண்டிருந்தது. ஒருவேளை சீக்கிரம் முடிக்கத்தான் அண்ணன் பி.யூ. சொன்னானோ? தன்னைச் சீக்கிரம் ஊரைவிட்டு அனுப்பத்தானோ?

வண்டியை இறக்கி நட்டை இறுக்க வேண்டிய கட்டம் வந்ததும் வெற்றி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "நீ போய்ப் புனேக்கு பேசிட்டு வா. இங்க டவர் சரியா கிடைக்கல. வர்றேன்னு சொல்லிடு."

"இத இறக்கிக் குடுத்துட்டுப் போறேனே."

"நான் பார்த்துக்கிறேன். நீ இல்லாதப்ப இந்த ஷெட்டு ஓடலியா?"

சொன்னதும் அவனுக்கே அது அதிகம் என்று தெரிந்தது. பரத் பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான்.

வீட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த ஜெயப்ரியா, பழைய சோறும் நெத்திலிக் குழம்பும் மோரும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். தூங்கியும் தூக்கம் தீரவில்லை. இந்த வாரம் முழுக்க அப்படித்தான். வார்டில் நோயாளி, வீட்டில் நோயாளி. வார்டில் இருப்பவர்களாவது வலிக்கிறது என்று சொல்கிறார்கள்.

கார் இன்னும் ஸ்டாண்டில்தான் நின்றது. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. வெற்றி ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் நீளமான ஸ்பேனரை இழுத்துக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது.

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"வண்டிய இறக்கிட்டுத்தானே டைட் வெப்பீங்க?"

அவன் திரும்பவில்லை. "வெச்சாச்சு."

"கிழிஞ்சிடுமே."

"உடனே கிழியாது. வெள்ளிக்கிழமை தாங்கும்."

"அப்புறம்?"

"யாருக்குத் தெரியப்போவுது" என்றான் வெற்றி.

ஜெயப்ரியா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனைப் பார்த்தபோது கூட அவள் பயப்படவில்லை. இப்போது பயந்தாள். வாய்க்கு ருசியாகப் பேசத் தெரியாதவன், வீட்டு விசேஷம் மறந்து போகிறவன், அவன் மேல் அவளுக்கு ஆயிரம் குறை உண்டு. வேலையில் "யாருக்குத் தெரியும்" என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. கை போனதை விட இது பெரிதாக அவளுக்குப் பட்டது. அதை அவனிடம் சொல்லவும் செய்தாள். மெதுவாக, சண்டை போடக் கூடத் தெம்பில்லாமல் சொன்னாள்.

"அப்ப பரத்த கூப்பிட்டு டைட் வெக்கச் சொல்லுங்க. இதுல இன்னா கௌரவம்?"

"கௌரவம் இல்ல, ஜெயா. கூப்பிட்டா, ஏன் கூப்பிடறேன்னு கேப்பான். என்னிக்குமே இந்த நட்டை நான் யாரையும் தொட விட்டதில்ல. அவனுக்குத் தெரியும்."

அவள் பதில் சொல்வதற்குள் பைக் சத்தம் கேட்டது.

*

பரத் வந்தான். கையில் போன் இருந்தது. முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பிட வா என்று ஜெயப்ரியா கூப்பிட்டாள். வண்டியை இறக்கிவிட்டு வருகிறேன் என்றவன், அண்ணன் தடுப்பதற்குள் ஜாக்கியை வைத்து ஸ்டாண்டுகளை உருவிவிட்டுக் காரைக் கீழே இறக்கினான்.

சக்கரம் தரையைத் தொட்டது. கார் பாதி தூரம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, வேண்டாத விருந்தாளி போல் நின்றது.

பரத் முன்பக்க மட்கார்டில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். கார் சிணுங்கிவிட்டு மறுபடி மேலே வந்தது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"யாருண்ணே தொங்கவிட்டு டைட் வெச்சது?"

"நாந்தான்."

"நீயா?"

வெற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தம்பி அடங்கியிருப்பான். அந்த மௌனம்தான் அவனைக் கிளப்பிவிட்டது. ஒரு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. காலையில் பி.யூ. என்றாய், அப்புறம் அந்த அம்மாவுக்காக ரப்பர் என்றாய், இப்போது அந்த ரப்பரையும் கிழிகிற மாதிரி மாட்டி வைத்திருக்கிறாய். எப்படியாவது வேலையைத் தள்ளிவிட்டுத் தன்னைப் பெட்டியோடு ரோட்டில் நிறுத்த வேண்டும், அதுதானே?

"நேரா சொல்லேண்ணே. நான் இங்க இருக்கிறது உனக்குப் புடிக்கல, போடான்னு சொல்லு. அந்தம்மா இடுப்ப ஏன் பலி குடுக்கிற?"

ஜெயப்ரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொல்லிவிடட்டுமா என்று நாக்கு துடித்தது. சத்தியம் குறுக்கே நின்றது. நர்ஸ் வேலையில் அவள் கற்ற ஒன்று, நோயாளி சொல்ல வேண்டியதை அடுத்தவர் சொன்னால் அவன் மன்னிக்க மாட்டான் என்பது.

அவள் கூடையிலிருந்து டம்ளரை எடுத்தாள். விளிம்பு வரைக்கும் மோர் ஊற்றினாள். எழுந்து போய்ப் புருஷன் முன்னால் நீட்டினாள்.

வெற்றி இடது கையை நீட்டினான். அவள் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வலது கையில வாங்குங்க."

வெளியே உப்பு ஏற்றின லாரி ஒன்று போனது. வெற்றி மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அவள் மறுபடி டம்ளரை நீட்டினாள். அவன் வலது கையைத் தூக்கி டம்ளரைப் பிடித்தான். விரல்கள் மூடின மாதிரித்தான் தெரிந்தது. அவள் விட்டதும் டம்ளர் சரிந்தது. மோர் அவன் காலிலும் தரையிலும் கொட்டியது.

பரத் கொட்டிய மோரைப் பார்க்கவில்லை. அண்ணனின் விரல்களைப் பார்த்தான். போன வாரத்து டீ டம்ளர் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"கை வரமாட்டேங்குதுடா" என்றான் வெற்றி. "தோளுக்கு மேல தூக்கினா விரல் இருக்குதா இல்லியான்னே தெரியல. காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே அடியில படுத்துப் பார்த்தேன். ஸ்பேனர் நெஞ்சு மேல விழுந்துச்சு. அதான் பி.யூ. சொன்னேன். அதான் தொங்கவிட்டு வெச்சேன். உன்ன வெரட்டறதுக்கு இல்லடா. தெரிஞ்சா நீ போவமாட்டியேன்னுதான்."

பரத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எத்தினி நாளா அண்ணி?" என்று கேட்டான். அவள் சொன்னாள். ஆபரேஷனைப் பற்றியும் சொன்னாள். ஒரு வாரமாகச் சுமந்ததைக் கீழே வைத்ததும் அவளுக்குப் பசித்தது. மூன்று பேரும் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டார்கள்.

*

சாப்பிட்டு முடித்ததும் பரத் நட்டுகளைத் தளர்த்தினான். கார் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கியது. மறுபடி ஜாக்கியில் ஏற்றி நாலு சக்கரத்துக்கும் அடியில் பனங்கட்டைகளைச் சேர்த்து வைத்தான். அப்போதுதான் எடை சக்கரத்தில் இருக்கும், ஆள் நுழையவும் இடம் கிடைக்கும். சாக்கை விரித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏறி உட்காருண்ணே."

"எதுக்கு?"

"ரெண்டு பேர் போற வண்டி. ரெண்டு பேர் எடையில நிக்கும்போது வெச்சா அந்தம்மாவுக்கு இன்னும் மெத்துனு இருக்கும். சாரு ஒல்லி. அம்மாதான் கொஞ்சம் கனம். நீ அம்மா சீட்டுல உட்காரு. அண்ணி, நீங்க ஸ்டியரிங் பக்கம்."

வெற்றி தயங்கினான். தான் அடியில் படுத்திருக்க, மேலே யாராவது உட்காருவதுதான் வழக்கம். காருக்குள் உட்காரும் வேலை அவன் பார்த்ததில்லை. பிறகு பனங்கட்டை மேல் காலை வைத்து ஏறி, காலை நீட்டி, தாழ்ந்த அந்த சீட்டில் இறங்கினான். ஜெயப்ரியா புடவையைச் சுருட்டிக்கொண்டு மறுபக்கம் ஏறினாள். கார் இரண்டு பேரையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு விரற்கடை தணிந்தது.

கூரை இல்லாத கார். எதிரே ஷெட்டின் பின்வாசல். அதற்கு அப்பால் உப்புப் பாத்திகளும், ஓலை மூடிய குவியல்களும், தலையில் கூடையோடு வரப்பில் திரும்பி வரும் பெண்களும் தெரிந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஜெயப்ரியாவை ஸ்டியரிங்கோடு பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஜெயப்ரியாவுக்குச் சிரிக்கக் கூட அலுப்பாக இருந்தது. ஆனால் சீட் சுகமாக இருந்தது. கண்ணை மூடினால் தூங்கிவிடுவாள்.

கீழே ஸ்பேனர் இழுபடும் சத்தம். பிறகு அளவு சரியாக வந்ததற்கு அடையாளமாக ஒரு 'டக்'.

"யாருக்குத் தெரியப்போவுதுன்னு சொன்னேன் பாரு" என்றான் வெற்றி, முன்னால் பார்த்தபடி.

"சொன்னீங்க."

"அப்ப வலி இல்ல, ஜெயா. வலி கூட இல்ல. சலிச்சுப் போச்சு. அவ்ளோதான்."

அவள் தலையை ஆட்டினாள். அந்தச் சலிப்பு என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு 'டக்'. வெற்றி பக்கவாட்டில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தான்.

"டேய் பரத்து. புனேக்கு இன்னா சொன்ன?"

கீழிருந்து சாக்கு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி அடுத்த பக்கத்து நட்டுக்கு நகர்கிறான்.

"கை விஷயம் தெரியறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேண்ணே."

"இன்னான்னு?"

"நீ சாஞ்சா எடை ஒரு பக்கமா போவுது. நேரா உட்காரு. இன்னும் ரெண்டு நட்டு இருக்குது."

வெற்றி நேராக உட்கார்ந்தான். வருகிறேன் என்று சொல்லியிருப்பானா, மாட்டேன் என்று சொல்லியிருப்பானா? எதைச் சொல்லியிருந்தால் தனக்கு நிம்மதி என்று யோசித்துப் பார்த்தான். அதுவும் தெரியவில்லை. உப்பளத்தின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மனைவி தூங்கிவிட்டாளா என்று திரும்பினான். அவள் விழித்துத்தான் இருந்தாள். அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.